அக்காவுக்கு ஏற்ற தோட்டா

அமெரிக்காவின் மலை மாநிலம் ஒன்றில், என் அக்காவும் மச்சானும் குடியிருக்கும் ஊரில், ஹலால் கறி கிடைக்காது. கடைக்குப் போய்வர ஒரு முழுப் பகல் வேண்டும். பனி விழத் தொடங்கிவிட்டால் அதுவும் நடக்காது. திருமணமாகிப் போன முதல் ஆண்டை அக்கா மீனும் பருப்பும் முட்டையுமாகவே ஓட்டினாள். எங்கள் ஊரான பேகம்பூரில் பிறந்து, கறிக்குழம்பு மணக்காத ஞாயிறு ஒன்றைக்கூட அறியாமல் வளர்ந்தவள் அவள். அந்த ஊர்க்காரர்கள் அக்டோபரில் மலைக்குப் போய் ஓர் எல்க்கைச் சுட்டு, ஓராண்டுக்கான கறியை ஃப்ரீசரில் நிரப்பிக்கொள்வதைப் பார்த்தபோது அவள் மனதில் எழுந்தது சாகச ஆசை அல்ல, சமையலறை யோசனை.

எல்க் என்பது மான் இனம். கொடைக்கானல் மலைக்காடுகளில் இருக்கும் கடமானை எங்கள் ஊரில் பலரும் படத்திலாவது பார்த்திருப்பார்கள். எல்க் அதைவிடப் பெரியது. அங்கே எவ்வளவு சுடலாம், எப்போது சுடலாம் என்பதையெல்லாம் அரசாங்கம் வரையறுத்திருக்கிறது. அக்கா அதற்கான வகுப்புக்குப் போய்த் தேர்வெழுதினாள். குலுக்கலில் ஒரு பெட்டை எல்க்குக்கான அனுமதி அவளுக்குக் கிடைத்தது. நவம்பரில் அம்மாவும் அத்தாவும் முதல்முறையாக அவள் வீட்டுக்குப் போவதாக இருந்தார்கள். அம்மா வரும்போது வீட்டில் கறி இருக்க வேண்டும், அதை அம்மா மனம் ஒப்பிச் சாப்பிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அந்த ஆசையின் பின்பாதிதான் எங்கள் குடும்பத்தை ஒரு கோடைக்காலம் முழுவதும் துப்பாக்கித் தோட்டாக்களைப் பற்றிப் பேசவைத்தது.

பேச்சு தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அத்தாவின் கைபேசி தண்ணீர்ச் சொம்பின்மீது சாய்ந்திருந்தது. அதில் அக்காவின் முகம். இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

“மானைச் சுடப் போறியா? நீயா? கோழி அறுக்கையில ரூமுக்குள்ள ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கிட்டவடி நீ.”

“அது சின்னப் புள்ளையிலம்மா.”

“காலேஜ் படிக்கையிலயும்தான்.”

அக்காவின் தோளுக்குப் பின்னாலிருந்து மச்சான் எட்டிப் பார்த்தார். “மாமி, இப்பல்லாம் அவ துப்பாக்கியைத் தூக்குனா நான்தான் ரூமுக்குள்ள ஓடுறேன்.”

அம்மா சிரிக்கவில்லை. “சுட்டுச் செத்துப்போனா அது எப்படி மாப்ள ஹலாலாகும்? அறுக்க வேணாமா?”

எங்கள் அத்தா தோல் மண்டி வைத்திருக்கிறார். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் வாங்கி, உப்பிட்டு, பதனிடும் இடங்களுக்கு அனுப்புவது அவர் தொழில். எந்தப் பிரச்சினையையும் ஒரு வாக்கியத்தில் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். “இதுல என்ன இருக்கு? கால்ல சுட்டுச் சாய்ச்சுப்புட்டு, கிட்டப் போய் பிஸ்மி சொல்லி அறுத்துர வேண்டியதுதானே. தோலும் ஓட்டையில்லாமத் தப்பிச்சுரும்.”

“அத்தா!” அக்காவின் குரல் உயர்ந்தது. “காலு ஒடிஞ்ச மாட்டை வண்டியில ஏத்திக்கிட்டு வந்தா, வண்டிக்காரனை வாரக்கணக்காத் திட்டுவீங்க. இப்ப நான் ஒடிக்கணுமா?”

“அது வேற.”

“என்ன வேற?”

அத்தா அம்மாவின் பக்கம் திரும்பி, “குழம்பு ஊத்து” என்றார்.

அக்கா பிறகு பொறுமையாகவே விளக்கினாள். காலில் அடிபட்ட எல்க் கீழே விழாது. மூன்று காலில் மலையைத் தாண்டி ஓடிவிடும். யாரும் காணாத பள்ளத்தில் நாள்கணக்கில் கிடந்து சாகும். அங்குள்ள வேட்டைக்காரர்கள் பெரிய தவறாகக் கருதுவது அதைத்தான். ஒரே குண்டில், வலி நீளாமல், விலங்கு முடிய வேண்டும் என்பது அவர்கள் ஒழுக்கம். உயிரோடு இருக்கும்போது கத்தி படவேண்டும் என்பது அம்மாவின் ஒழுக்கம். இரண்டுக்கும் நடுவில் அக்கா நின்றாள்.

அந்தக் காலையில் நான் எதுவும் பேசவில்லை, பெரும்பாலும் பேசுவதில்லை. ஆனால் மாலையில் அக்காவிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு குரல்பதிவு வந்தது: “எதையும் ரெண்டு தடவை படிக்கிறவ நீதான். இதையும் படிச்சு அம்மாவுக்குப் புரியிற மாதிரிச் சொல்லு. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

நான் இலக்கியம் படிக்கிறவள். வெடிமருந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுமுன் அதன் உறுப்புகளைப் பிரித்து அறிந்துகொள்வது எனக்குப் பழக்கம். தோட்டா என்பது பித்தளைக் குப்பி. அதன் அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. பறந்து போவது குண்டு மட்டுமே. மருந்து மிகுந்தால் குண்டு விரையும். துப்பாக்கி அதே அளவுக்குத் தோளை உதைக்கும். இதற்குமேல் இணையத்தில் நான் படித்தவை எல்லாம் வாக்குவாதங்கள். எந்தத் தோட்டா எல்க்குக்குப் போதும் என்பதைப் பற்றி நடுவயது ஆண்கள், பிடித்த கிரிக்கெட் வீரருக்காகச் சண்டையிடும் பள்ளிப் பையன்களைப் போல, பக்கம் பக்கமாகச் சண்டையிட்டிருந்தார்கள்.

அக்கா வீட்டில் அப்போது இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. அவள் சுடக் கற்றது அவற்றில் சிறியதில். அதன் தோட்டாவை அங்கே ‘டூ ஃபார்ட்டி த்ரீ’ என்கிறார்கள். உதை குறைவு, அவள் கையில் அது தையல் ஊசியைப் போல நேராகப் போகும். ஆனால் அதன் குண்டு சின்னது, சின்ன மான்களுக்கு ஏற்றது. எல்க்கின் தோள் எலும்பில் பட்டால், நெஞ்சுக்குள் போய்ச் சேருமுன் நின்றுவிடக்கூடும். அதைக் கொண்டு எல்க்கை வீழ்த்துகிறவர்கள் உண்டு. ஆனால் முதல்முறை போகிறவளுக்கு அது ஏற்றதல்ல என்பதில், சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் ஒத்துப்போனார்கள்.

மற்றது மச்சானுடையது, முந்நூறு மேக்னம். எவ்வளவு பெரிய எல்க்குக்கும் போதுமான பலம். அதைத் தோளில் வைத்துச் சுட்ட அன்று அக்காவுக்குத் தோள்பட்டை கன்றிப்போனது. “பழகிரும்” என்றாராம் மச்சான். சில வாரங்களுக்குப் பிறகு, அவள் உதைக்கு அஞ்சுகிறாளா என்று பார்க்க, அவளுக்குத் தெரியாமல், வெடிக்காத போலித் தோட்டா ஒன்றை உள்ளே வைத்துக் கொடுத்தார். அக்கா விசையை இழுத்தாள். துப்பாக்கி ‘டிக்’ என்றது; வெடிக்கவில்லை. ஆனால் அவள் கண்கள் இறுக மூடியிருந்தன. குழல்முனை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

“துப்பாக்கி சும்மாத்தான் கெடந்துச்சு, நான்தான் குதிச்சேன்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு, “அந்த இடத்துல நெசத் தோட்டா இருந்து, எதிர்ல எல்க்கும் நின்னிருந்தா, வயித்துல பட்டிருக்கும்” என்றாள். அதைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை.

பலம் போதாத தோட்டா விலங்கை வதைக்கும். சுடுகிறவள் அஞ்சும் தோட்டாவும் அதே வதையைத்தான் செய்யும். நான் படித்தறிந்ததன் சாரம் இவ்வளவுதான். இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க பட்டாச் சட்டுனு போகும்?” என்று கேட்டாள்.

முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம். எல்க்கில் அது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு இருக்கும் என்றேன்.

“நெஞ்சாங்கூடுன்னு சொல்லு. அதுக்கு எதுக்கு இம்புட்டு இழுக்குற?” என்று சொல்லிவிட்டு, “நீ அத்தாவோட ஹஜ்ரத் வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்துரு. உங்கத்தா தனியாப் போனா காலு கீலுன்னு எதையாவது உளறிருவாரு” என்றாள்.

எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்துக்கு நாற்பது வயதுதான் இருக்கும். சிரித்த முகம். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வீட்டில் இருந்தார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் கைபேசியில் எல்க்கின் படத்தைக் காட்டினேன்.

“அடேயப்பா! இது ஒண்ணு இருந்தா ஒரு கலியாணத்தை முடிச்சுரலாம் போலயே” என்றார்.

அத்தா அம்மா பயந்தபடியே தொடங்கினார். “கால்ல சுட்டு…”

“பாய், உங்க வீட்டுல குர்பானிக்கு மொட்டைக் கத்தியக் கொண்டாந்து தந்தா அறுக்க விடுவீகளா?”

“அதெப்படி விடுவேன்?”

“அப்புறம்?”

அத்தா தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். அறுக்கும் பிராணியை வதைக்கக் கூடாது, கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரிந்த கட்டளை. அது துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று அத்தாவுக்கு அதுவரை தோன்றவில்லை.

ஹஜ்ரத் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஒண்ணு சொல்லும்மா. அந்தக் குண்டு குத்திக் கிழிச்சுக்கிட்டுப் போகுமா, இல்ல அடிச்சு நசுக்குமா?”

நான் படித்த எந்த விவாதத்திலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. அக்கா சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் பார்த்துவைத்திருப்பது ஈயம் கலவாத முழுச் செம்புக் குண்டு. கூர்முனையோடு உள்ளே போகும்; போனதும் முனை நான்கு இதழாக விரியும்; விரிந்தபடியே வெட்டிக்கொண்டு பெரும்பாலும் மறுபுறம் வெளியேறும். ஈயக் குண்டைப் போலச் சிதறிக் கறியில் கலப்பதில்லை.

அவர் தாடியைத் தடவியபடி யோசித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். துப்பாக்கியால் வேட்டையாடியதைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குத்திக் கிழிக்கும் குண்டாக இருந்து, இறைவன் பெயர் சொல்லிச் சுட்டால் ஆகும் என்பவர்கள் பலர். உயிரோடு கையில் கிடைத்து அறுத்தால்தான் ஆகும் என்பவர்களும் உண்டு. இந்தப் பக்கத்தில் நாம் கேட்டு வளர்ந்தது அதைத்தான். “உங்க அக்கா பிஸ்மி சொல்லிச் சுடட்டும். சுட்டதும் தாமதிக்காம ஓடட்டும். உசுரு இருந்தா அறுத்துரணும். கண்ணுக்கு மறைஞ்சு எங்கேயோ போய்த் தண்ணியில கிண்ணியில விழுந்து கெடந்தா வேணாம், விட்டுரணும். ஓடிப் போறதுக்குள்ள உசுரு போயிருச்சுன்னா, ஆகும்னு சொன்னவுக பேச்சை எடுத்துக்கிடலாம். ஆனா உங்கம்மாவை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். மனசு ஒப்புனாச் சாப்பிடட்டும்.”

வெளியே வந்ததும் அத்தா, “ஹஜ்ரத் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார். நான் மறுக்கவில்லை.

அன்றே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மகிழ்வாள் என்று நினைத்தேன். மாறாக, திருப்பிக் கேட்டாள்.

“சுட்டதும் ஓடணுமா? இங்க எல்லாரும் அதுக்கு நேர்மாறாச் சொல்றாங்கடி. சுட்டுட்டு அரை மணி நேரம் அசையாம உட்காருங்கிறாங்க.”

அதற்கும் காரணம் இருந்தது. அடிபட்ட விலங்கைத் துரத்தாவிட்டால் அது அருகிலேயே படுத்து அமைதியாகச் சாகும். துரத்தினால், மிச்ச உயிரையெல்லாம் கால்களில் திரட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிடும். ஓடாதே என்று ஒரு பக்கம், ஓடு என்று ஒரு பக்கம். இரண்டுமே அந்தப் பிராணியின் வலியை எண்ணிச் சொல்லப்பட்டவை.

விடையைக் கண்டவள் அக்காதான். அடுத்த அழைப்பில் அவள் குரல் தெளிவாக இருந்தது. சுட்டபின் என்ன செய்வது என்று யோசித்ததுதான் பிழை. சுடுமுன்னே அதை முடித்துவிட வேண்டும். மரங்கள் அடர்ந்த இடத்தில் சுடமாட்டாள். திறந்த புல்வெளியில் மட்டும். எல்க் பக்கவாட்டில், அசையாமல் நிற்கும்போது மட்டும். அப்போது நெஞ்சில் பட்டால் கண்ணெதிரிலேயே விழும், துரத்த வேண்டியிராது. எல்லாவற்றுக்கும் மேலாக, விழுகிற இடத்துக்கு ஒரே மூச்சில் அவளால் ஓடிச் சேர முடிகிற தூரத்துக்கு அப்பால் நிற்கும் எதையும் சுடமாட்டாள்.

இந்த விதியை வைத்ததும், கோடை முழுவதும் தீராமலிருந்த தோட்டாப் பிரச்சினை தானாகவே தீர்ந்துபோனது. மேக்னத்தின் மிகுபலம் பயன்படுவது நெடுந்தூரத்தில். ஓடிச் சேரும் தூரத்துக்குள் அந்த உதையை வாங்கிக்கொள்ளத் தேவையே இல்லை. அந்த நெருக்கத்தில், நடுத்தரமான ‘த்ரீ நாட் எய்ட்’, நல்ல செம்புக் குண்டோடு, தோள் எலும்பைத் துளைத்தும் நெஞ்சைக் கடக்கும். எல்க்குக்குப் போதுமானது, அக்கா கண் திறந்தபடியே சுடக்கூடியது.

மச்சான் தம் மேக்னத்தைக் கடையில் கொடுத்து, அந்தத் தோட்டாவுக்கான துப்பாக்கியை மாற்றிவந்தார். “சீதனம் வாங்காமக் கட்டிக்கிட்டவன் நான். இருந்த ஒரு துப்பாக்கியும் போச்சு, கொழுந்தியா” என்று என்னிடம் புலம்பினார். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்காவைப் பயிற்சிக்கு அழைத்துப்போனவரும் அவர்தான். நின்றும், முழந்தாளிட்டும், ஓடி இளைத்து மூச்சு வாங்கும்போதும் அவள் காகிதத் தட்டுகளைச் சுட்டாள். துளைவிழுந்த தட்டுகளின் படங்கள் எங்கள் குடும்பக் குழுவில் வந்துகொண்டேயிருந்தன. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பாள்.

“இதுல ஒண்ணு ஓரமாப் போயிருக்கே?”

“அது மச்சான் சுட்டதும்மா” என்றேன்.

“அதானே பாத்தேன்.”

அக்டோபர் வந்தது. முதல் வார இறுதியில் அவர்கள் எல்க்குகளைப் பார்த்தார்கள், சுடவில்லை. கூட்டம் பள்ளத்தாக்கின் மறுகரையில் நின்றது. மேக்னம் இருந்திருந்தால் முடிந்திருக்கும் என்று மச்சான் வழியெல்லாம் முணுமுணுத்தாராம். “அம்புட்டு தூரம் நீங்க ஓடுவீங்களா?” என்று அக்கா கேட்டதும் முணுமுணுப்பு நின்றதாம்.

அடுத்த வாரம் ஒரு காலையில், நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. அங்கே மாலை இறங்கியிருந்தது. அக்காவின் முகத்தில் களைப்பு. காதோரம் காய்ந்த புல். அத்தாவும் அம்மாவும் திரைக்கு அருகில் வந்து அமர்ந்தார்கள். நான் பின்னால் நின்றேன்.

“கெடச்சுருச்சும்மா. பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்னு சொல்லித்தான் இழுத்தேன். கண்ணைத் திறந்துதான் வச்சிருந்தேன். அது கொஞ்ச தூரம் நடந்துச்சு, நின்னுச்சு, முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துருச்சு. கத்தியை எடுத்துக்கிட்டு ஓடுனேன்.”

“ஓடி?” என்றாள் அம்மா.

“நான் போறதுக்குள்ள போயிருச்சும்மா.”

மச்சான் மெல்லத் திரைக்குள் வந்தார். “மாமி, எனக்கென்னமோ அவ கிட்டப் போகையில கண்ணு அசைஞ்ச மாதிரி…”

“இல்ல மச்சான். அசையல” என்றாள் அக்கா. “கண்ணுல விரலை வச்சுப் பார்த்தேன். அறுக்கவும் செஞ்சேன். ஆனா உசுரு இல்ல. இருந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன்.”

ஒரு சின்னப் பொய் போதுமானதாக இருந்திருக்கும். அதை மச்சான் அன்பினால் நீட்டினார், அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அத்தா கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“துடிச்சுச்சா?”

“இல்லம்மா.”

“எம்புட்டு தூரம் நடந்துச்சு?”

“நம்ம வாசல்லருந்து பள்ளிவாசல் கேட்டு வரைக்கும் இருக்காது.”

“நீ அழுதியா?”

“கொஞ்சம்” என்றாள்.

“சரி. போய்க் குளி. தலையெல்லாம் புல்லா இருக்கு” என்றாள் அம்மா. கறியைச் சாப்பிடுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை.

நவம்பரில், பெட்டியில் சீரகச் சம்பா அரிசியையும் அரைத்துவைத்த மசாலாவையும் நிறைத்துக்கொண்டு, அம்மாவும் அத்தாவும் விமானம் ஏறினார்கள். எனக்குப் பருவத் தேர்வு இருந்ததால் சின்னம்மா வீட்டில் தங்கினேன். அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் விடுமுறை நாளில் அம்மா அங்கே பிரியாணி ஆக்கினாள். கொழுப்பில்லாத கறி என்பதால் நெய்யைக் கூடுதலாக ஊற்றச் சொல்லி நான் ஏற்கனவே எழுதியிருந்தேன். அக்கா கைபேசியை மேசைமேல் நிறுத்திவைத்ததால் நானும் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன் என்றே சொல்லலாம்.

அம்மா எல்லோருக்கும் பரிமாறினாள். அத்தா முதல் வாயிலேயே, “ஆட்டுக்கறி தோத்துச்சு போ” என்றார். அவர் எதைச் சாப்பிட்டாலும் அப்படிச் சொல்வார். மச்சான் இரண்டாவது முறை கேட்டார். அக்கா தன் தட்டைத் தொடாமல், அம்மாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தனக்குச் சோறு மட்டும் போட்டுக்கொண்டாள். தயிர் வெங்காயம் போட்டுக்கொண்டாள். பிறகு கரண்டியைச் சட்டிக்குள் விட்டுத் துழாவி, ஒரு துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அதை விரலால் பிட்டு, உதடு அசையப் பிஸ்மி சொல்லி, வாயில் போட்டு நெடுநேரம் மென்றாள்.

“இன்னும் செத்த நேரம் வெந்திருக்கணும்” என்றாள்.

“அடுப்பை அமத்துனது நீங்கதானம்மா” என்றாள் அக்கா. அப்போதுதான் தன் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“நீதானடி பசிக்குதுன்னு குதிச்ச?” என்று சொல்லிக்கொண்டே அம்மா மறுபடியும் கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள்.